சம்பளச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சுவரொட்டிகளைப் படித்திருப்பீர்கள். "வெளிநாட்டில் செக்யூரிட்டி வேலை, உடனடி விசா, தங்குமிடம் இலவசம்" என்று ஒன்று நிச்சயம் இருக்கும். அடியில் ஒரு கைபேசி எண், முகவரி இராது. நான் பதினேழு ஆண்டு ராணுவத்திலும் ஆறு ஆண்டு துபாயில் காவலாளியாகவும் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிற பையன்களுக்குப் பதில் சொல்வதே எனக்கு வேலையாகிவிட்டது.

நம் ஊருக்கு இது புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன நகரத்தார், கடைக்கு ஆள் அனுப்பும்போது சம்பளச் சீட்டு எழுதினார்கள். கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளோ, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளோ, மூன்று ஆண்டு ஒரு கணக்கு. என்ன சம்பளம் என்பது கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் இருக்கும். ஒரு பகுதியை முன்பணமாகவும் கொடுத்துவிடுவார்கள். அதாவது, ஆளை அழைக்கிறவர் பணம் கொடுத்தார். இன்று வேலைக்குப் போகிற பையன் பணம் கொடுக்கிறான். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. எந்த இடத்தில் இது தலைகீழானது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மன்னியுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

முகவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய சேவைக் கட்டணத்துக்கு அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது: 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அதற்கும் ரசீது வாங்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத முகவர் ஆள் அனுப்பக் கூடாது. இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பெயரைத் தேடினால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். தேடத் தெரியாவிட்டால் பத்தாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். உங்களைவிட வேகமாகத் தேடித் தருவான். "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வாருங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். துபாயில் எனக்குக் கிடைத்தது ஒரு வாக்கி டாக்கி, ஒரு டார்ச், ஒரு பதிவேடு. பயிற்சி முடித்துத் தேர்வில் தேறாமல் அங்கே சீருடை போட முடியாது. 2016 முதல் இதற்கென்றே சிரா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. என் காலத்திலும் தேர்வு உண்டு. தீ விபத்து பற்றிய கேள்விக்கு நான் ராணுவ வீரனாக உள்ளே பாய்ந்து ஆளைத் தூக்கி வந்ததாக அரைப் பக்கம் எழுதினேன். முதல் தடவை தேறவில்லை. முதலில் யாருக்குத் தகவல் சொல்வாய் என்பதுதான் கேள்வி!

பதிவேடு என்றேன் அல்லவா, அதைச் சொல்லாமல் நகர முடியாது. ஒரு கிடங்கில் இரவுக் காவல், பன்னிரண்டு மணி நேரம். 2.40க்குக் குழாய் கசிந்து துணி மூட்டைகள் நனைந்தன. வால்வை மூடினேன், மேற்பார்வையாளரை அழைத்தேன், எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். உடைந்த ஆங்கிலம்தான். மறுவாரம் சரக்குக்காரர், காவலாளி தூங்கிவிட்டான், அவன் சம்பளத்தில் பிடியுங்கள் என்றார். மேலாளர் பதிவேட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினார். பேச்சு அதோடு நின்றது.

அன்றிரவு எனக்கு என் ஐயாவின் நினைவு வந்தது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் அவர். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கதவெல்லாம் அவர் சாவிக்கொத்தில். ஒரு கல்யாணம் முடிந்து சாமான் எண்ணியபோது குத்துவிளக்கு ஒன்று குறைந்தது. யார் எடுத்தார், யார் கொடுத்தார், ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. வீட்டு ஆச்சி நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு சாவிக்கொத்து ஐயாவிடம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து விளக்கு மச்சில் அகப்பட்டது. சாவிக்கொத்து அப்போதும் வரவில்லை.

ஆயுதம் ஏந்திய வேலை இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கடற்கொள்ளைக்கு அஞ்சும் கப்பல்களில் உண்டு. ஆனால் 2013 அக்டோபரில் தூத்துக்குடியில் பிடிபட்ட சீமேன் கார்டு ஓகியோ கப்பலை நினைத்துப் பாருங்கள். ஊழியர்களும் காவலர்களுமாக 35 பேர், அதில் 12 பேர் இந்தியர். எஸ்தோனியர், பிரிட்டிஷ்காரர், உக்ரேனியரும் இருந்தார்கள். இந்தியக் கடலுக்குள் ஆயுதம் வைத்திருக்க அனுமதி இருந்ததா என்பதுதான் வழக்கு. 2016 ஜனவரியில் ஐந்து ஆண்டு தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுவித்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். துப்பாக்கிக்கு உரிய காகிதம் எங்கே என்ற கேள்வியில் நான்கு ஆண்டு போயிற்று.

ரஷ்யாவைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். வானொலி நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பாதுகாப்பு உதவியாளர் வேலை என்று போன இந்தியர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்தது. மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, படைவிலகல் புத்தகம் எல்லாம் இன்னொரு நாளைக்கு. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கான மத்திய அரசின் இலவச உதவி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: 1800 11 3090. பேனா எடுக்கப் போனவர்களுக்காக மறுபடி: 1800 11 3090. வணக்கம்.