கிருபையினால் இரட்சிப்பு என்றால் கூலியைப் பிடித்து வைக்கலாமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். ஊரும் பெயரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் கேள்வியை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன். அவர்களுடைய சபையில் ஒரு மூப்பர் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கூலியை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்தடிக்கிறார். இதைப் பற்றி ஒருவர் கேட்டபோது, "நாம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள், கிரியையினால் அல்ல, எபேசியர் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். சகோதரி கேட்பது: பவுல் விசுவாசத்தினாலே என்கிறார், யாக்கோபு கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார், நான் யாரை நம்புவது? அந்த மூப்பரிடம் எப்படிப் பேசுவது? அப்புறம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். பல வருஷமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய அம்மா, "ஆண்டவருக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையே, என்னைச் சேர்த்துக்கொள்வாரா?" என்று அழுகிறாராம்.

சரி, மூப்பர் சொன்ன வசனத்திலிருந்தே ஆரம்பிப்போம். எபேசியர் 2:8, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்". 9-ஆம் வசனம், ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல. இந்த இரண்டையும் நம் ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை, அடுத்த வசனத்திலேயே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றில் நாம் நடக்கும்படி தேவன் முன்னதாகவே அவற்றை ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று எழுதுகிறார். 9-ஆம் வசனத்தோடு பைபிளை மூடிவைப்பவர் பவுலை வாசிக்கவில்லை, தனக்கு வசதியான பாதியை வாசிக்கிறார்.

பவுல் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரம், அந்தியோகியா சபை. புறஜாதி விசுவாசிகளோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடனே, விருத்தசேதனமுள்ளவர்களுக்கு, அதாவது சுன்னத்து செய்த யூதர்களுக்கு, பயந்து பந்தியைவிட்டு விலகிக்கொள்கிறார். பர்னபாவும் அவர்கள் பக்கம் இழுபட்டுப் போகிறார். அப்போதுதான் பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். விருத்தசேதனம் பண்ணினால்தான், இன்ன நியமத்தைக் கைக்கொண்டால்தான் நீ தேவனுடைய ஜனம் என்று யாராவது சொன்னால், சிலுவையை எதற்கு என்று கேட்கிறார். அவருடைய சண்டை அதுதான். ஏழைக்குச் சோறு போடுவதற்கும் வேலைக்காரனுக்குக் கூலி கொடுப்பதற்கும் எதிராக பவுல் ஒரு வரி எழுதியதில்லை.

யாக்கோபு பேசுவது வேறு ஆளிடம். அவருடைய 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்ட ஒருவன் ஆலயத்துக்குள் வருகிறான், கந்தையான உடையோடு ஓர் ஏழையும் வருகிறான். மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழையைப் பார்த்து நீ அங்கே நில்லு, இல்லாவிட்டால் என் பாதபடியண்டையிலே உட்காரு என்கிறார்கள். இன்றைக்கும் கல்யாணம், கன்வென்ஷன், சபை ஆண்டுவிழா எல்லாவற்றிலும் முதல் வரிசை நாற்காலி யாருக்கு என்று நமக்குத் தெரியும். உடுக்கத் துணியில்லாத, அன்றைக்குச் சாப்பாடில்லாத சகோதரனிடம், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவனையும் யாக்கோபு காட்டுகிறார். உபதேசத்தில் இவனிடம் குறையில்லை, தேவன் ஒருவர் என்று அறிக்கையிடுகிறான். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. அப்புறம் 5:4. மூப்பர் இதை ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும்: வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி, உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி, கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது.

இரண்டு பேரும் காட்டும் உதாரணம்கூட ஒரே ஆள்தான், ஆபிரகாம். ஆதியாகமம் 15:6-இல் அவர் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அவர் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டது 99 வயதில், அதாவது இஸ்மவேல் பிறந்து 13 வருஷம் கழித்து, இஸ்மவேலோ இந்த 15-ஆம் அதிகாரத்துக்குப் பிறகு பிறந்தவன். ஆகவே எந்தச் சடங்குக்கும் முன்பே நீதிமான் என்று பவுல் ரோமர் 4-இல் வாதாடுகிறார். யாக்கோபோ ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாளுக்கு. அந்த விசுவாசம் உயிரோடு இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது. பவுல் ஆரம்பத்தைக் காட்டுகிறார், யாக்கோபு அது வளர்ந்து வந்த இடத்தைக் காட்டுகிறார்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இவர்கள் இருவரும் எதிரிகளே அல்ல. கலாத்தியர் 2:9-இல் யாக்கோபும் கேபாவும் (பேதுருதான்) யோவானும் பவுலுக்கு வலதுகை கொடுத்து ஐக்கியம் பண்ணுகிறார்கள். அப்போது பவுலிடம் அவர்கள் கேட்டுக்கொண்டது என்ன? தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள், அது மட்டும்தான். நானும் அதில் கருத்துள்ளவனாகவே இருந்தேன் என்கிறார் பவுல். பிறகு மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்து எருசலேம் ஏழைகளுக்கு அவரே கொண்டுபோனார், ரோமர் 15-இல் இருக்கிறது.

திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார், உண்மைதான். ஆனால் அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்குள் அது செய்துவிட்டிருக்கும் என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார். இதைத் தள்ளிவிட்டு "விசுவாசம் மட்டும்" என்று லூத்தர் பெயரைச் சொல்வது நியாயமில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நம் இருதயத்தைப் புதுப்பிக்கும் பரிசுத்த ஆவியானவர் நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார் என்று அதில் சேர்ந்து சொன்னார்கள். எல்லாக் கருத்துவேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, இருந்தாலும் இது சின்ன விஷயமில்லை.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சகோதரி, லூக்கா 23-ஐ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க வழியில்லை, தசமபாகம் கொடுக்க வழியில்லை, ஊழியம் செய்யக் கையும் காலும் ஆணியிலிருந்து விடுபடவில்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று பதில் வந்தது. அம்மா செய்ய முடியாததைக் கணக்குப் பார்க்கிற தேவன் இல்லை அவர். நீங்கள் பயப்படாதீர்கள், அம்மாவையும் பயப்பட விடாதீர்கள்.

ஆனால் மூப்பர் படுக்கையில் இல்லையே. அவருக்குக் கள்ளனைவிட, லூக்கா 19-இல் வரும் வரி வசூலிக்கிற சகேயுதான் பொருத்தம். இயேசு முதலில் கூப்பிட்டார், உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அது முழுக்கக் கிருபை, சகேயு அதுவரை ஒரு காசு திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருபை வீட்டுக்குள் வந்த அன்றைக்கே அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான்.

மூப்பரிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். மத்தேயு 18-இல் சொன்னபடி முதலில் தனியாகப் பேசுங்கள், சபை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கும் அசையாவிட்டால் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும். போகும்போது கிருபையா கிரியையா என்று அவரோடு தர்க்கம் பண்ண வேண்டாம், எத்தனை பேருக்கு எத்தனை வாரக் கூலி பாக்கி, எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.