ஒருவனைப் பார்த்து ‘மக்களே’

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர்க்காரனான நான் வேலை மாற்றலாகி கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்கு வந்த முதல் வாரம். விடிந்தும் விடியாத நேரம், ரப்பர் தோட்டத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ரப்பர் பால் எடுக்க வாளியோடு வந்த பாட்டி ஒருவர், “மக்களே, மணி எத்தன?” என்றார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஒற்றை ஆளைக் கூப்பிடவும் இங்கே பன்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தத் தோட்டமே எனக்குப் பள்ளிக்கூடம். மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருப்பது சிரட்டை. எங்கள் ஊரில் கொட்டாங்குச்சி. பிளாஸ்டிக் கிண்ணம் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுபால். அதை உரித்த பிறகுதான் அடுத்த வெட்டு. “கொட்டாங்குச்சி” என்று நான் சொன்னதற்குத் தோட்டத்து ஆட்கள் ஒரு வாரத்துக்குச் சிரித்தார்கள். சிரட்டை என்று சொல்ல ஆரம்பித்ததும் சாயாக்கடை பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

இடம் கிடைத்த தைரியத்தில் ஒரு தப்புச் செய்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் ‘லே’ போட்டுப் பேசுவதைக் கேட்டு, கடைக்காரரிடம் நானும், “ஒரு சாயா குடுலே” என்றேன். பேச்சு நின்றது. கிளாஸ் மேசையில் ‘டங்’கென்று வந்து உட்கார்ந்தது. சிரட்டை யார் வாயிலும் வரலாம். ‘லே’ அப்படி இல்லை. கூடத் திரிந்து வளர்ந்தவனுக்குத்தான் அந்த உரிமை. அகராதியைப் புரட்டி இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

அகராதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ‘பறஞ்சேன்’ என்பார்கள். உடனே மலையாளம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், பறைதல் என்றால் சொல்லுதல் என்றே இருக்கிறது. இந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு, அதாவது இன்றைய கேரளத்துப் பக்கத்தோடு இருந்தவை. அதற்காக வாயில் வரும் சொல்லையெல்லாம் அக்கரைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா என்ன?

இந்தப் பக்கத்துப் பையன்கள் பாடுதான் பாவம். திருவனந்தபுரத்துக்குப் போனால் ‘பாண்டி’. சென்னைக்குப் போனால் ‘மலையாளி’. இரண்டு பக்கமும் வெளியே நிறுத்துவதால்தான் தங்களுக்குள் அந்தப் பேச்சை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. புதிதாக வருகிறவனைக் கேலி செய்வதும் அதே கையால்தான். அந்தக் கேலி சில சமயம் அளவு மீறும், நானே பட்டிருக்கிறேன்.

களியக்காவிளைப் பையன் ஒருவனைச் சென்னையில் அவன் அறையில் பார்க்கப் போயிருந்தேன். அறை நண்பர்களிடம் “சொன்னேன்டா, சொன்னேன்டா” என்று பேசிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, “பறஞ்சேம்மா” என்றான்.