எத்தனை உழவு மழை?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் பக்கத்தில் ராத்திரி மழை பெய்தால், காலையில் டீக்கடையில் முதல் கேள்வி "எத்தனை உழவு இருக்கும்?" என்பதுதான். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் அது ஒரு உழவு மழை. மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். விதைக்கலாமா என்று முடிவு செய்ய அதுவே போதும். ஆனால் மணல் கலந்த செம்மண்ணில் ஒரு உழவும் களிமண்ணில் ஒரு உழவும் ஒரே அளவு மழை ஆகாது. தருமபுரி மாவட்டப் பாலக்கோட்டையும் கிருஷ்ணகிரி மாவட்டத் தளியையும் ஒப்பிட வேண்டுமானால் மில்லிமீட்டருக்குத்தான் வர வேண்டும்.

பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள எந்தப் பாத்திரத்தையும் வெட்டவெளியில் வையுங்கள். உள்ளே 10 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் மழை 10 மில்லிமீட்டர். டம்ளர் என்றாலும் அண்டா என்றாலும் உயரம் ஒன்றுதான். அண்டாவில் அதிகம் விழும், அதே அளவுக்குப் பரவியும் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கியவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

எங்கள் ஆபீஸில் மழையை அளக்கும் கருவியான மழைமானியில் புனல் வழியாகத் தண்ணீர் சேரும். அதைத் தனி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் குவளை உடைந்துபோனது. வேறெங்கிருந்தோ ஒன்று வாங்கி வந்தோம். எங்கள் மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், வந்த குவளையோ 100 சதுர சென்டிமீட்டர் மானிக்கானது. கேட்க வேண்டுமா, அந்த மாதம் எங்கள் ஊரில் மட்டும் மழை இரட்டிப்பு! பாராட்டக்கூட ஒருவர் வந்தார்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். லீவு நாளில் அளக்காமல் விட்டுவிட்டு 0 என்று எழுதுவது. மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும் ஒன்றல்ல.

சரி, ஒரு பகுதி முழுவதற்கும் சராசரி மழை எவ்வளவு என்பதற்கு வருவோம். மூன்று மானிகளில் 60, 20, 10 மில்லிமீட்டர் என்று பதிவானால், கூட்டி மூன்றால் வகுத்து 30 என்கிறோம். 60 காட்டிய மானி பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்குப் பத்தில் மூன்று பங்கு, 10-க்கு ஆறு பங்கு. பங்கால் பெருக்கிக் கூட்டினால் 18 தான் வரும். எந்த நிலம் எந்த மானிக்குக் கிட்ட இருக்கிறதோ, அந்த மானியின் கணக்கில் சேர்ப்பது தீசன் முறை. மலையும் பள்ளமுமான நம் மாவட்டங்களில் அதுவும் முழுசாகப் போதாது. அங்கே ஒரே அளவு மழை பெய்த இடங்களை இணைக்கும் சம மழைக் கோடுகள் வரைந்து கணக்கிடுவது நல்லது.

2024 டிசம்பர் 2 காலைக் கணக்கில், ஃபெஞ்சல் புயலால் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! இதைச் சேர்த்துச் சராசரி போட்டு, அந்த வருடம் மாவட்டத்தில் நல்ல மழை என்று அதே மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் அஞ்செட்டிக்காரரிடம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா? ஒரே நாள் மழை ஒரு வருடக் கணக்கையே தூக்கிவிடும். அதனால்தான் வழக்கமான மழை இவ்வளவு என்று சொல்ல 30 வருடக் கணக்கையாவது எடுக்கிறார்கள். எத்தனை நாள் பெய்தது என்றும் பார்க்க வேண்டும். 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது மழை நாள்.

அப்புறம், அந்த 50 சென்டிமீட்டர் டிசம்பர் 1 காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. காலை 8.30-க்கு அளந்து, அளந்த தேதியிலேயே எழுதுவது வழக்கம். வீட்டில் அளப்பவர்களும் அதே நேரத்துக்கு அளந்து எழுதுங்கள். ஆபீஸ் கணக்கோடு ஒப்பிட்டுச் சண்டை போட வசதியாக இருக்கும். வணக்கம்.