உங்கள் பாட்டைப் பற்றி யார் எழுதுவார்கள்?

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்து நேரே இங்கே வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கைக்காசு போட்டு ஸ்டூடியோ எடுத்து, மிக்சிங், மாஸ்டரிங் எல்லாம் முடித்து, வெள்ளிக்கிழமை பாட்டை வெளியிடுகிறோம். சனிக்கிழமைதான் இதைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. அதற்குள் நேரம் போய்விடுகிறது. இசை பற்றி எழுதுகிறவர்களுக்கு இனி வரப்போகும் பாட்டுதான் செய்தி. மூன்று, நான்கு வாரம் முன்பே அது அவர்கள் கைக்குப் போக வேண்டும். பாட்டுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு விண்ணப்பிப்பதும் வெளிவராத பாட்டுக்கு மட்டும்தான். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு வாராவாரம் போகும் 'ரிலீஸ் ரேடார்' என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் அதே பாட்டு வரும். ஆகவே மாஸ்டர், அதாவது முடிந்த இறுதிப் பதிவு, கைக்கு வந்த பிறகு தேதி குறியுங்கள்.

சரி, யாருக்கு எழுதுவது? சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழும் ஒலி 96.8 வானொலியும் நமக்குப் பழக்கமான இடங்கள். பேண்ட்வேகன் என்ற இசை இணையத்தளம் இருக்கிறது, தேசியக் கலை மன்றத்தின் ஆதரவோடு 2018இல் தொடங்கிய ஹியர்65 தளம் இருக்கிறது. உள்ளூர் இசைக்காகவே வந்தது அது. தமிழ்ப் பாட்டை அவர்கள் எங்கே எடுக்கப்போகிறார்கள் என்று கேட்காமலேயே ஒதுங்கிவிடுகிறோமே, எனக்கு அதில்தான் வருத்தம். நம் ஊர் ராப் பாடகர் யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து ராப் பாடித்தான் வெளிநாடுகளிலும் பெயர் வாங்கினார். உங்கள் வரிகளின் பொருளை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள், போதும்.

ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மாதிரிப் பாட்டைப் பற்றி ஏற்கெனவே எழுதிய ஐந்தாறு பேரைத் தேடுங்கள். அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பெயர் சொல்லி எழுதுங்கள்.

இப்போது கடிதம். "நான் ஒரு சுயாதீனக் கலைஞர், சிறு வயதிலிருந்தே இசையில் ஆர்வம்" என்று தொடங்கினால் அங்கேயே மூடிவிடுவார்கள். அதே ஆள் இப்படி எழுதட்டும்: "தேக்கா ஈரச்சந்தையில் விடிகாலைச் சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாக்கிய மூன்று நிமிடப் பாட்டு இது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு தாதி பாடுவதாக எழுதியிருக்கிறேன்." படிக்கிறவருக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது பாருங்கள்! அடுத்த வரியில் வெளியீட்டுத் தேதி, அப்புறம் கேட்பதற்கான தனி லிங்க். பாட்டுக் கோப்பை மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம், பெட்டி நிறைந்துவிடும். லிங்க் கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்று வேறொருவர் கைப்பேசியில் பார்த்துவிடுங்கள். தெளிவான படம் இரண்டு, ஒன்று அகலவாக்கில், எடுத்தவர் பெயரோடு. உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தேடுகிறவர் இன்னொருவர் பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஒரு வாரம் பதில் இல்லையா? ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இசை பற்றி எழுதுகிறவர்களுக்குப் பாட்டு அனுப்ப உதவும் சப்மிட்ஹப் தளத்தில் நீங்கள் கட்டும் பணம், அவர்கள் பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதற்கு மட்டும்தான். எழுதியே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பணம் கொடுத்தால் விமர்சனம் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் அது விளம்பரம். அந்தக் காசில் நல்ல படம் எடுத்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதி வந்தவர்கள் முன்னால் வாருங்கள். முதல் இரண்டு வரியை இப்போதே சேர்ந்து பார்ப்போம்.