கித்தான் துணியை நம்பிக் கடலில் இறங்கியவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தென் இங்கிலாந்தில் கோஸ்போர்ட் என்று ஒரு துறைமுக ஊர். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களின் ஊர். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அங்கே ஒரு ஆழமான தொட்டி, அதன் அடியில் ஒரு டாங்கியின் உடல் பகுதி. ராணுவ இளைஞர்கள் சிலரை அதற்குள் இறங்கி அவரவர் இடத்தில் உட்காரச் சொல்வார்கள். மூக்கில் ஒரு கவ்வி, வாயில் ரப்பர் குழாய், மார்பில் ஆக்சிஜன் பை. அப்புறம் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு வரும், மார்புக்கு வரும், கழுத்துக்கு வரும். எழுந்து ஓடக் கூடாது. உள்ளே பாயும் தண்ணீரை எதிர்த்து அந்தச் சின்னக் கதவு வழியாக ஏற முடியாது. தலைக்கு மேல் நிரம்பி, பாய்ச்சல் அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகுதான் ஒருவர் பின் ஒருவராக வெளியே வரலாம். முண்டியடித்தால் எல்லோருக்கும் ஆபத்து.

டாங்கிக்காரனுக்கு எதற்கு நீர்மூழ்கிக்காரனின் பயிற்சி? அவர்களுடைய டாங்கி கடலில் நீந்த வேண்டியிருந்தது. அதனால்தான்.

ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் என்ற பொறியாளரின் யோசனை அது. டாங்கியைச் சுற்றி உயரமாக ஒரு கித்தான் துணிச் சுவர் கட்டுவது. அண்டாவைத் தண்ணீரில் வைத்தால் மிதக்கிறதல்லவா, அதே கணக்குத்தான். சுவரை நிமிர்த்தி நிறுத்த, அழுத்தக் காற்று ஏற்றிய ரப்பர் தூண்கள். பின்னால் தண்ணீரைத் தள்ள இரண்டு விசிறிகள். கரை தட்டியதும் துணி மடிந்து கீழே விழும், பீரங்கி சுட ஆரம்பிக்கும். சங்கிலிப் பட்டையாலும் ஓடும், விசிறியாலும் ஓடும் என்பதால் ‘டூப்ளெக்ஸ் டிரைவ்’, சுருக்கமாக டி.டி. டாங்கி என்று பெயர்.

முதலில் 17 டன் எடையுள்ள வேலண்டைன் டாங்கியில் பழகினார்கள். அப்புறம் 30 டன்னைத் தாண்டிய ஷெர்மன். இவ்வளவு இரும்புக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு துணி! இதில் எனக்கு அதிகம் மனதில் நிற்பவர் ஓட்டுநர்தான். கமாண்டராவது டாங்கிக்கு மேலே நின்று, துணிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கலாம். ஓட்டுநர் நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. காதில் கேட்கும் கமாண்டரின் குரல்தான் கண். அந்தக் குரலை நம்பப் பழகுவதுதான் பயிற்சியில் பாதி என்று நான் நினைக்கிறேன்.

ஒரு ஷெர்மன் டாங்கிக்கு ஐந்து பேர்: கமாண்டர், ஓட்டுநர், துணை ஓட்டுநர், குறிபார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்பி ஒயர்லெஸ்ஸையும் கவனிப்பவர். இதில் இறங்கிய படைப்பிரிவுகளில் பல, ஒரு காலத்தில் குதிரைப்படையாக இருந்தவை. குதிரைக்காரரின் பேரும் மரபும் அப்படியே இருக்க, அவர்களுக்குத்தான் இப்போது மிதக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொறுப்பு 79-ஆவது கவசப் படைப்பிரிவின் தலைவர் பெர்சி ஹோபார்ட்டுடையது. நைனிடாலில் பிறந்தவர். ராணுவத்திலிருந்து ஓய்வில் அனுப்பப்பட்டு, 1940-இல் உள்ளூர்க் காவல் படையில் லான்ஸ் கார்ப்பரல் என்ற கீழ்நிலைப் பதவியில் நின்றுகொண்டிருந்த மனிதர். சர்ச்சில்தான் திரும்பக் கூப்பிட்டார்.

கிழக்கு இங்கிலாந்தில் ஃபிரிட்டன் ஏரியில் முதல் பாடம். ஏரித் தண்ணீர் அசையாது, பயம் தெளியும். அடுத்தது கோஸ்போர்ட் பக்கத்தில் ஸ்டோக்ஸ் விரிகுடாவில் உப்புத் தண்ணீர். அதன் பிறகு தரையிறங்கு கப்பலின் சரிவுப் பலகையிலிருந்து நேராகக் கடலுக்குள்.

இப்படித்தான் 1944 ஏப்ரல் 4 வந்தது. டார்செட் கடற்கரையில் ஸ்டட்லண்ட் விரிகுடா. ‘ஸ்மாஷ்’ என்று பெயரிட்ட ஒத்திகை, உண்மையான குண்டுகளோடு. 4/7 ராயல் டிராகூன் கார்ட்ஸ் பிரிவின் வேலண்டைன் டாங்கிகள் கடலில் இறங்கின. இறங்கிய பிறகு கடல் மாறிவிட்டது. அலை எழுந்து துணிச் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. டாங்கிகள் மூழ்கின. ஆறு பேர் இறந்துபோனார்கள். கரையில் எதிரி ஒருவன்கூட இல்லை.

இரண்டே வாரத்தில், ஏப்ரல் 18 அன்று, அதே விரிகுடாவில் மறுபடி ஒத்திகை. கரையில் ஃபோர்ட் ஹென்றி என்ற கான்கிரீட் அரணுக்குள் நின்று மன்னர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும், தளபதிகள் ஐசன்ஹோவரும் மாண்ட்கோமரியும் பார்த்தார்கள். தோழர்கள் மூழ்கிய தண்ணீர் என்று தெரிந்தும் அந்தப் பையன்கள் திரும்ப இறங்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.

ஜூன் 6, பிரான்சின் நார்மண்டி. ஜெர்மானியர் வசமிருந்த அந்தக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். இறங்கிய கடற்கரைகளுக்கு ஸ்வோர்டு, ஒமாஹா, கோல்டு என்றெல்லாம் ரகசியப் பெயர்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது. ஸ்வோர்டு கடற்கரையில் 13/18 ஹுஸார்ஸ் பிரிவு, கரையிலிருந்து ஏறத்தாழ 5,000 கஜத்தில் 34 டாங்கிகளை இறக்கியது. பெரும்பாலானவை கரை சேர்ந்தன. ஒமாஹாவிலும் இதே வகை டாங்கிதான். அமெரிக்கப் பிரிவு ஒன்று 29 இறக்கியதில் 27 மூழ்கின. அவர்கள் பயிற்சியில் குறை என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அலை அப்படி. எவ்வளவு பழகினாலும் கித்தானுக்கு ஒரு எல்லை உண்டு.

ஸ்டட்லண்டில் ஆறு பேரைப் பறிகொடுத்த 4/7 பிரிவு கோல்டு கடற்கரைக்குப் போனது. அங்கே டாங்கிகளைத் தூரத்தில் நீந்த விடவில்லை. கப்பல்களைக் கரைக்கு மிக அருகே கொண்டுவந்து, அங்கிருந்துதான் இறக்கினார்கள். அந்த முடிவு எடுத்த காலையில் ஏப்ரல் 4 யாருக்காவது நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

அந்த ஆறு பேருக்கு 2004-இல்தான், ஃபோர்ட் ஹென்றி அருகே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். வேலண்டைன் டாங்கிகள் இன்றும் அந்த விரிகுடாவின் அடியில் கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.