மேட்ச் பார்க்கப் போனவர்கள் பிடித்த தீப்பந்து

[திரை இருட்டு. மைதான இரைச்சல் மட்டும்.]

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெள்ளி இரவு என்றால் பள்ளிக்கூடங்களில் ஃபுட்பால் மேட்ச். நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது. பிள்ளை ஆடுவதைப் படம்பிடிக்கப் பெற்றோர் பலர் கேம்கார்டரும் கையுமாக வந்திருந்தார்கள்.

எட்டு மணி ஆகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். மேட்சைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கேமராக்கள் ஒவ்வொன்றாக வானத்துக்குத் திரும்பின.

[காட்சி: மைதான விளக்குகளுக்கு மேலே நகரும் வெளிச்சம்.]

நட்சத்திரம் விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பக்கத்தில் இருப்பவரிடம் "அங்கே பார்" என்பதற்குள் மறைந்துவிடும். இது 40 விநாடிக்கு மேல் ஓடியது. முழு நிலவைவிடப் பிரகாசம், பச்சை கலந்த ஒளி. விண்வெளியிலிருந்து வந்த இந்தக் கல் செங்குத்தாக இறங்காமல், தரைக்குச் சுமார் 3 டிகிரி சாய்வில், படுக்கைவாக்கில் வந்ததுதான் காரணம். மேற்கு வர்ஜீனியா தொடங்கி நியூயார்க் வரை 700 கிலோமீட்டருக்கு மேல்.

சரி, ஏன் எரிகிறது? உராய்வு என்றுதான் பள்ளியில் படித்தோம். அதன் பங்கு கொஞ்சம்தான். நொடிக்கு 14.7 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது எதிரே இருக்கும் காற்றுக்கு விலக நேரமில்லை. நசுங்குகிறது, நசுங்கியதும் கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அதேதான், பல மடங்கு பெரிதாக.

[காட்சி: வால் நீண்டு, பிரிந்து ஓடும் துண்டுகள்.]

அந்த அழுத்தத்தில் கல் 70-க்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. வேகம் குறைந்ததும் வெளிச்சம் அணையும். அதற்குப் பிறகு இருட்டில், சாதாரணக் கல்லாகத்தான் கீழே விழும்.

[காட்சி: நசுங்கிய காரின் பின்பகுதி.]

ஒரு துண்டு, 12.4 கிலோ, பீக்ஸ்கில் என்ற ஊரில் வீட்டு வாசலில் நின்ற பழைய செவ்ரோலே மாலிபு காரின் டிக்கியைப் பொத்துக்கொண்டு தரையில் விழுந்தது. பெட்ரோல் டாங்க் மயிரிழையில் தப்பியது. யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்றே போலீஸ் முதலில் பதிவு செய்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. காருக்கடியில் கிடக்கும் கல்லைப் பார்த்து யாருக்கு வானம் ஞாபகம் வரும்?

அப்புறம்தான் அந்த மேட்ச் வீடியோக்களின் அருமை தெரிந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணால் பாருங்கள், பிறகு மறு கண்ணால். விரல் இடம் மாறுகிறது அல்லவா? அந்த மாற்றத்தை அளந்தால் விரலின் தூரம் கிடைத்துவிடும். தீப்பந்துக்கும் அதே கணக்கு, இரண்டு கண்ணுக்குப் பதில் வெவ்வேறு ஊர்க் கேமராக்கள். வீடியோவில் தெரிந்த கம்பம், கட்டடம் எல்லாம் அளவுகோலாயின. படம்பிடித்த இடத்துக்கே விஞ்ஞானிகள் போய்க் கோணங்களை அளந்தார்கள்.

கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை: செவ்வாயைத் தாண்டி, சிறுகோள் பட்டையின் (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் சுற்றும் பகுதி) உள்விளிம்பு வரை போய்த் திரும்பி, 1.8 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த கல். அதுவரை, கையில் கிடைத்த விண்கல் ஒன்றின் பாதை இப்படித் தெரிந்தது மூன்றே முறை. அந்த மூன்றிலும் படம் எடுத்தவை வானத்தையே கண்காணித்த கேமராக்கள்.

[காட்சி: கண்காட்சியில் அதே கார், பக்கத்தில் கல்.]

கார் பல நாடுகளுக்குக் கண்காட்சிக்குப் போய்வந்துவிட்டது. மற்ற துண்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.