கார்ட்டூன் நீரோவும் வலைவீரன் கலேந்தியோவும்

நேயர்களுக்கு வணக்கம்.

வார்னர் பிரதர்ஸ் 1955-இல் வெளியிட்ட பக்ஸ் பன்னி கார்ட்டூன் ஒன்று உண்டு. பெயர் ‘ரோமன் லீஜன்-ஹேர்’, இயக்கியவர் ஃபிரிஸ் ஃபிரலெங். ஏழு நிமிட அளவில்தான் ஓடும். நீரோ மன்னனின் ரோமாபுரியில் சிங்கத்துக்குப் போட ஆள் தீர்ந்துபோகிறது. ஒருவனைப் பிடித்து வா என்று காவலர் தலைவன் யோசமிட்டி சாமை மன்னன் விரட்ட, அவன் கண்ணில் படுவது நம் முயல் பக்ஸ் பன்னி. ஆனால் சிங்கங்கள் சுற்றிச் சுற்றித் துரத்துவது சாமைத்தான். ஆள் பிடிக்க வந்தவனே அகப்பட்டுக்கொள்வதால்தான் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட படங்களில் வரலாறு கொஞ்சம் இடம் மாறிவிடும். நீரோவையும், ரோமாபுரியின் பெரிய சண்டை அரங்கமான கொலோசியத்தையும் சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டோம். நீரோ இறந்தது கி.பி. 68-இல். கொலோசியம் திறந்தது கி.பி. 80-இல், டைட்டஸ் மன்னன் காலத்தில். அதைக் கட்டிய இடமோ, நீரோ தன் அரண்மனைக்காக வெட்டிய செயற்கை ஏரி இருந்த இடம். பிடில் கதையும் அப்படித்தான். வயலின் உருவானது 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில். நீரோ மீட்டியது யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவி. இவை மன்னிக்கத்தக்க பிழைகள் என்பேன். பிடிலைக் கண்டதும் இவன்தான் நீரோ என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறதே.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. கார்ட்டூன்காரர்கள் எப்போதும் சிங்கத்தின் பின்னாலேயே போகிறார்கள். கிளேடியேட்டர் சண்டை மனிதனும் மனிதனும் மோதுவது. விலங்கு வேட்டை தனி நிகழ்ச்சி, அதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். துரத்தல் காட்சிக்கென்றே செய்ததுபோல ஒரு ஜோடி அந்தச் சண்டையில் இருந்தது: ரெட்டியாரியஸ், செக்யூட்டர்.

ரெட்டியாரியஸ் வலைவீரன். கையில் வலை, மூன்று முனைச் சூலம், ஒரு குத்துவாள். தலைக்கவசமும் கேடயமும் கிடையாது. இடது தோளில் மட்டும் உயர்ந்து நிற்கும் ஓர் உலோகத் தகடு. பாரம் குறைவு என்பதால் ஓடி ஓடிச் சண்டை போடலாம். செக்யூட்டர் என்றால் பின்தொடர்பவன், துரத்துகிறவன் என்று பொருள். அவனுக்குப் பெரிய கேடயமும் குட்டை வாளும் உண்டு. அவன் தலைக்கவசத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வலை மாட்டிக்கொள்ளாமல் வழுக்க வேண்டும் என்று முட்டைபோல வழவழப்பாக இருக்கும். சூலத்தின் முனை நுழையக் கூடாது என்று கண்ணுக்கு இரண்டே சிறு துளைகள். அந்தப் பாதுகாப்பே அவனுக்கு வினையாகும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, உள்ளே காற்றும் போதாது. சண்டை நீள நீள அவனுக்கு மூச்சு வாங்கும். அதனால் சட்டென்று நெருங்கி முடித்துவிடப் பார்ப்பான். வலைவீரனோ போக்குக் காட்டி இழுத்தடிப்பான். வலை குறி தவறினால் அவன் பாடு திண்டாட்டம்.

பக்கத்தில் நீண்ட கோலோடு நடுவர்கள் நிற்பார்கள், வேண்டும்போது இருவரையும் விலக்கிவிடுவார்கள். அந்த நடுவர்கள் கார்ட்டூன்களில் தலைகாட்டுவதே அபூர்வம். தோற்றவனுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்பதும் உறுதியான செய்தி அல்ல. லத்தீன் நூல்கள் ‘திருப்பிய கட்டைவிரல்’ என்கின்றன; எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கீழ்நோக்கிய விரலை உலகின் மனத்தில் பதித்ததில் பெரும் பங்கு, பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872-இல் தீட்டிய ஓவியத்துக்கு உண்டு.

இந்த ஜோடியை ரோமானியர்களே படக்கதையாக வரைந்திருக்கிறார்கள். மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்த மொசைக், அதாவது சிறு துண்டுகள் பதித்துச் செய்த ஓவியம், இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள், கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழ்க் கட்டத்தில் வலைவீரன் கலேந்தியோ வீசிய வலை, செக்யூட்டர் அஸ்தியானாக்ஸின் தலைமேல் விழுந்துவிட்டது. ஆட்டம் முடிந்தது என்றே தோன்றும். மேல் கட்டத்தில் கலேந்தியோ தரையில் கிடக்கிறான். குத்துவாளை உயர்த்திச் சரணடைகிறான். அஸ்தியானாக்ஸ் வென்றான் என்று எழுதியிருக்கிறது. கலேந்தியோவின் பெயருக்குப் பக்கத்தில், குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டம். இறந்தவன் என்பதற்கு அதுதான் குறி.

நன்றி, வணக்கம்.